ஒன்பது நொடிக் கறுப்பு

மாமனாரை இனியவன் கொன்றது வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, வாட்ஸ்அப்பில்.

மேனேஜருக்கு மட்டும் போகவேண்டிய செய்தி அது. "சார், மாமனார் தவறிட்டார். இன்னைக்கு லீவு வேணும்." அனுப்பிவிட்டுப் பார்த்தால் ஷோரூம் குரூப்பில் கிடக்கிறது. அழிக்கலாமென்று விரலை வைப்பதற்குள் பதினாறு பேர் கும்பிட்டிருந்தார்கள். திண்டிவனத்தில் ஒரு பைக் ஷோரூமின் சர்வீஸ் அட்வைசருக்கு இத்தனை பேர் அனுதாபம் வைத்திருப்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் சக்கரபாணி ஒருபடி மேலே போனான். இனியவனின் கல்யாணப் படத்திலிருந்து மாமனார் மாசிலாமணியின் முகத்தை வெட்டியெடுத்து, சுற்றிலும் ரோஜா ஒட்டி, அன்றைய தேதியைப் போட்டு, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஸ்டேட்டஸே வைத்துவிட்டான். படத்தில் மாசிலாமணி சிரித்துக்கொண்டிருந்தார்.

விழுப்புரத்தில் உயிரோடு இருக்கிற மனிதர். ரயில்வேயில் தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு மாதமாக நெஞ்சில் ஏதோ அடைப்பு, ஓயாத இருமல். அவரைப் பார்த்துக்கொள்ள மகள் ஜெசிந்தா ஒரு வாரமாக அங்கேதான் இருந்தாள். "வெள்ளிக்கிழம ஒரு நாள் லீவு போட்டுக்கினு அப்பாவப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க" என்று புருஷனிடம் நாலு தரம் கேட்டிருந்தாள். "செத்தாத்தான் ஜெசி லீவு குடுப்பானுங்க" என்றிருந்தான் இனியவன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

வெள்ளிக்கிழமைதான் ‘ரெட் ஃபெர்ரி’ வெளியாகிறது. எட்டு வருடம் காத்திருந்த வீடியோ விளையாட்டு. முதல் டிரெய்லர் வந்தபோது இனியவனுக்குத் தலையில் முடி இருந்தது.

துக்கம் விசாரிக்க யாராவது வந்து நின்றால்? முன்வாசல் கிரில்லுக்கு வெளிப்பக்கமாகப் பெரிய பூட்டைத் தொங்கவிட்டான். கொல்லைப்பக்கம் சுற்றிவந்து அடுக்களைக் கதவு வழியாக உள்ளே நுழைந்து தாழிட்டான். ஜன்னல்களைச் சாத்தினான். செல்லை அணைத்தான். சொந்த வீட்டுக்குள் திருடனைப்போலக் குனிந்து நடந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் சம்மணமிட்டபோது மணி பத்தரை. வெளியே ஐப்பசி மழை வலுத்துக்கொண்டிருந்தது. புதிதாக முளைத்த நகர். எதிரே காலி மனை, பக்கத்திலும் காலி மனை. எட்டிப்பார்க்க ஆளில்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது.

முதல் அரை மணி நேரம் விளையாட்டு அவனை ஒரு குண்டுகூடச் சுடவிடவில்லை. பனி கொட்டும் நகரம். இடிந்த டிராம் நிலையம். ஒர்லோவ் என்ற கிழட்டு இன்ஜினியரைத் தோள்கொடுத்து ஆற்றங்கரைப் படகுவரை கூட்டிப்போய்ச் சேர்க்கவேண்டும். அவ்வளவுதான் கதை. துப்பாக்கியின் கனத்தைவிடக் கிழவரின் கனம்தான் கையில் தெரிந்தது. அவர் சாயும் பக்கமெல்லாம் கன்ட்ரோலர் அதிர்ந்து கொடுத்தது. ஏதோ லட்சம் பேர் தன் விமர்சனத்துக்குக் காத்திருப்பதுபோல மனதுக்குள் மார்க் போட்டபடியே போனான். பனிக்கு ஒன்பது. வெளிச்சத்துக்கு ஒன்பதரை. ஒலிக்கு மட்டும் பத்துக்குப் பத்து.

காரணம், அந்த இருமல்.

பதினோரு மணிவாக்கில் தொடங்கியது. ஒர்லோவ் திரையில் முன்னால் போய்க்கொண்டிருந்தாலும் இருமல் பின்னாலிருந்து, வலது தோளுக்கு அப்பாலிருந்து, ஒரு சுவரைத் தாண்டி வருவதுபோல் கேட்டது. அடிநெஞ்சில் கிளம்பி, மேலே வர வழி தெரியாமல் பாதியில் தேங்கிவிடுகிற, ஈரம் சொட்டும் இருமல். நடுநடுவே இரும்புக் கம்பியை யாரோ விரல்முட்டியால் தட்டுவதுபோல டங், டங். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒரு டங். அவசரமில்லாத, வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்கிறோமே என்று கூசுகிற தட்டல். டிராம் நிலையத்துக் கம்பிக்கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது என்று நினைத்தான். திரையில் எந்தக் கதவும் அசையவில்லை. "என்னமா பண்ணி வெச்சிருக்கானுங்க!" என்று மெச்சிக்கொண்டு ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

மூன்று மணிக்கு இருமல் நின்றுபோனது. ஒர்லோவ் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார், சத்தமே இல்லை. எட்டு வருடம் எடுத்துக்கொண்டு இப்படி ஒரு கோளாறை விட்டுவைத்திருக்கிறார்களே! ஒலிக்கு இரண்டு மார்க் குறைத்தான். குறைத்துக்கொண்டிருந்தபோதே பாலத்தின் மேல் எவனோ சுட்டதில், ஆட்டத்தில் அவன் முதல்முறையாகச் செத்தான்.

திரை கறுத்தது. ஆட்டம் திரும்ப ஏறுவதற்கு ஒன்பது நொடி. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் கூடம் முழுக்கத் தெரிந்தது: அவன் வழுக்கை, அலமாரி, அடுக்களை வாசலை ஒட்டிப் போட்டிருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

சட்டென்று திரும்பினான். நாற்காலி காலி. முதுகில் ஒரு துண்டு தொங்கியது. துண்டுதான். தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டான். இதுவரை பத்தாயிரம் பேரைச் சுட்டிருப்பான். இந்த வீட்டில் கரப்பான்பூச்சி அடிப்பது ஜெசிந்தாதான்.

இரண்டாம் முறை செத்தபோது துண்டு நாற்காலியிலேயே இருந்தது. யாரோ எழுந்து நின்றிருந்தார்கள்.

இந்தமுறை அவன் திரும்பவில்லை. பனி திரும்ப வந்தது, கிழவர் வந்தார், பாலம் வந்தது. ஹெட்செட்டை மெல்லக் கழுத்துக்கு இறக்கினான். மழை. கூரைத் தண்ணீர். அதற்குள்ளே நீலகிரித் தைல வாசனை, அதோடு நனைந்த துணியின் வாசனை. தாழிட்ட வீட்டுக்குள், அவன் முதுகுக்குப் பின்னால், தரையில் ஒரு சொட்டு விழுந்தது. எண்ணி நாலு மூச்சு. இன்னொரு சொட்டு.

டிவியை அணைத்துவிட்டால் என்ன? அணைத்தால் திரை கறுப்பாகும். நிறுத்தி வைத்தாலும் ஐந்து நிமிடத்தில் தானாகக் கறுக்கும். மழைக்குக் கரண்ட் போனால்? ஓடலாம்தான். அடுக்களைக் கதவு பின்னால் இருந்தது. முன்வாசலில் அவனே தொங்கவிட்ட பூட்டு.

சாகக்கூடாது. அதுதான் ஒரே வழி. வாழ்க்கையில் எதையும் இவ்வளவு கவனமாக அவன் செய்ததில்லை. சுவரோரம் ஒதுங்கினான். குனிந்தான். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துப் பார்த்துக் கிழவரை நகர்த்தினான். வியர்வையில் கன்ட்ரோலர் வழுக்கியது.

மூன்றாம் சாவு. ஒன்பது நொடி. அலமாரிக்கு இந்தப் பக்கம் வந்தாகிவிட்டது. குட்டையான உருவம். மார்போடு எதையோ அணைத்தபடி.

இடது கையால் தடவிச் செல்லைப் போட்டான். உயிர் வந்ததும் அது துடிக்கத் தொடங்கியது. ஜெசிந்தா. ஸ்பீக்கரில் போட்டுத் தொடைமேல் வைத்தான்.

"என்னங்க! காலைலேர்ந்து போனு ஆஃபு. ஆஸ்பத்திரியில இன்னா சொன்னாங்க? எக்ஸ்ரே எடுத்தாங்களா?"

"ஆஸ்பத்திரியா?"

"இன்னா ஆஸ்பத்திரியாங்கிறீங்க? அப்பா உங்ககிட்டதான வந்தாரு?"

பாலம். பனி. கையில் கிழவரின் கனம்.

"அந்த அஞ்சலி கார்டு இங்க வரைக்கும் வந்துடுச்சிங்க. அப்பா கூட வேல பாத்தவரே கொண்டாந்து காட்டினாரு. நான் உங்களத் திட்டித் தீத்துட்டேன். அப்பா உக்காந்து சிரிக்கிறாரு! ‘மாப்ளைக்கு லீவு தரல. எனக்காவத்தான் என்னையே சாவடிச்சி லீவு வாங்கியிருக்காரு, பாவம், அவரப் போய்த் திட்டாத’ன்னாரு. நீங்க இங்க வந்து அலைய வேணாம்னு ஃபைலத் தூக்கிக்கினு அவரே ஜல்தியா பஸ் ஏறிட்டாரு. போன்கூட எடுத்துக்கினு போவல. ஒம்போதே முக்கா இருக்கும்."

விரல்கள் தளர்ந்தன. திரையில் ஒர்லோவ் பனியில் சரிந்தார். அவனும் சரிந்தான்.

கறுப்பு.

ஒன்பது நொடி. பத்து. இருபது. விளையாட்டு திரும்ப ஏறவில்லை.

கண்ணாடியில் நாற்காலி காலி. அலமாரிப் பக்கமும் யாருமில்லை. அவன் தலைக்கு மேலே, அவன் தலையிலிருந்தே முளைத்ததுபோல, இன்னொரு தலை. நெற்றியில் ஒட்டிய நரைமுடி. மார்போடு அணைத்த பிளாஸ்டிக் கவர். அதன் முனையிலிருந்து சொட்டும் நீர். வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கார்டில் சிரித்த அதே சிரிப்பு, அதே அளவு. அசையவில்லை.

"பேசுங்களேன்," என்றாள் ஜெசிந்தா. "அப்பாகிட்ட போனக் குடுங்க."

அவனது பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. சில்லென்று.

"மாமா," என்றான், திரும்பாமல். "எப்ப வந்தீங்க?"

"நீங்க ஆடுங்க மாப்ள."

"மாமா... எப்ப வந்தீங்க?"

"நல்ல மழ மாப்ள."

"எங்க மாமா இருக்கீங்க?"

பின்னால் மூச்சு இல்லை. இருமல் இல்லை. குரல் மட்டும், கூசிக் கூசி, காதருகே வந்தது.

"வாசப்படியிலதான் மாப்ள. மூணு மணி வரைக்கும் கம்பியத் தட்டிக்கினு இருந்தேன். அதுக்கப்புறம் முடியல."