உள்ளே அவர் இல்லை

அவருடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது.

பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தாள். கறுப்புத் தோல் செருப்பு, இடது குதிகால் தேய்ந்தது. மணி ஒன்பதரை. எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிற மனிதர் வெறுங்காலோடா போயிருப்பார்? ஷூ போட்டுக்கொண்டு போயிருப்பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ரேக்கைப் பார்த்தாள். ஷூவும் அங்கேயே இருந்தது. பாலை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே ஃபிரிட்ஜுக்குப் போனாள்.

ஃபிரிட்ஜில் சீட்டு இருந்தது. அவள் கையெழுத்து. ‘அவர் வேலைக்குப் போயிருக்கிறார். ஐந்தரைக்கு வருவார்.’

அப்பாடா. சீட்டு சொன்னால் சரிதான்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள். கல்யாணமான புதிதில் ஹோட்டல் மெனுவில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததற்குக் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தியதைப் பார்த்து அவர் அவளுக்கு வைத்த பெயர் புள்ளி. "எங்க வீட்ல பெரிய புள்ளி அவதான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே பக்கத்தை ஒரே காலையில் நான்கு முறை, நான்கு முறையும் புதுப் பக்கம் என்று நினைத்து அவள் திருத்தினாள். அதற்கப்புறம்தான் டாக்டர், ஸ்கேன் எல்லாம். "இது வயசானவங்களுக்கு மட்டும் வர்றதுன்னு நினைக்காதீங்க. சில பேருக்கு முன்னாடியே வந்துடும்" என்றார் டாக்டர். "போகப் போக இல்லாத குரல்கூடக் கேக்கலாம். பயந்துடாதீங்க."

நர்ஸ்தான் உருப்படியாக ஒன்று சொன்னாள். "எல்லாத்தையும் எழுதி ஒட்டிக்கோங்கம்மா. உங்க கையெழுத்துல இருக்கறதை மட்டும் நம்புங்க."

அன்றிலிருந்து வீடு முழுக்கச் சீட்டு. கேஸ் அடுப்புக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று, மாத்திரைக்கு மூன்று, அவர் வேலைக்குப் போன பிறகு அவரை அறை அறையாகத் தேடாமலிருக்க ஒன்று. கண்ணாடியில்கூட ஒன்று இருந்தது: ‘இது நீதான்.’

பால் அடுப்பில் ஏறியது. சமையலறையில் பால் காயும் வாசனை, குழாயிலிருந்து சொட்டும் நீர், தெருவில் எங்கோ இரும்பை அறுக்கும் மெல்லிய கிறீச்சு; இவற்றுக்கெல்லாம் அடியில், பின்பக்க நடையிலிருந்து, யாரோ விரல் முட்டியால் பொறுமையாகத் தட்டுவதுபோல் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. பூனையாக இருக்கும். ஸ்டோர் ரூமுக்குள் பூனை நுழைவது வழக்கம்.

"புள்ளி!"

பூனை அல்ல.

"ஏய் புள்ளி, ஜெயில்ல போட்டது போதும். தாழ்ப்பாளை எடு."

அடுப்பை அணைத்தாள். நடை இருட்டாக இருந்தது. பழைய பெயிண்டும் துருப்பிடித்த இரும்பும் கலந்த அந்த அறையின் வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. தடித்த மரக் கதவு. தாழ்ப்பாள் வெளியே, போட்டபடி இருந்தது. அதற்கு மேலே சீட்டு. மூலை சுருண்டு, பழுப்பேறிய சீட்டு.

‘உள்ளே அவர் இல்லை. வேலைக்குப் போயிருக்கிறார். தேடாதே. தாழ்ப்பாளைப் போடு.’

அவள் கையெழுத்துதான். சந்தேகமே இல்லை.

"யாரு?" என்றாள்.

"யாரா? நான்தான்டி. பல்பு எடுக்க வந்தேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல, நீ பாட்டுக்குப் பூட்டிட்டுப் போயிட்ட."

"நான்தான்னா யாரு?"

உள்ளே ஒரு சிரிப்பு. அவருடைய சிரிப்பு மாதிரியே. "உன் புருஷன்டி."

"அவர் வேலைக்குப் போயிருக்கார்."

சிரிப்பு நின்றது. பிறகு குரல் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் வந்தது. "இன்னிக்கு லீவு. காலையில சொன்னேன்ல? நீ மறந்துடுவேன்னுதான் எழுதியும் வச்சேன். போய் ஃபிரிட்ஜைப் பாரு. பாத்துட்டு வந்து கதவைத் திற. சரியா? நான் ஊசி போட்டுட்டேன், இன்னும் சாப்பிடல. சீக்கிரம் வா, கண்ணு."

அவருக்கும் சர்க்கரை உண்டு. தினமும் ஊசி போட்டுக்கொள்வார். போட்டதும் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளே விழுந்துவிடுவார். இது அவளுக்குத் தெரியும். இந்தக் குரலுக்கு எப்படித் தெரிந்தது? ஃபிரிட்ஜ், ஃபிரிட்ஜ், ஃபிரிட்ஜ் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். நடுவில் எதையும் பார்க்கக் கூடாது. பார்த்தால் போய்விடும்.

அவள் சீட்டுக்குக் கீழே இன்னொரு தாள் இருந்தது. அவர் கையெழுத்து, கோழி கிறுக்கினதுபோல்.

‘புள்ளி இன்னைக்கு லீவு போட்டிருகேன். விட்டுலதான் இருப்பேன். வாசல்ல செறுப்பை பாத்து கொழம்பாதே.’

அடக் கடவுளே! மூன்று வரியில் எத்தனை பிழை! சிவப்புப் பேனா தானாகவே கைக்கு வந்துவிட்டது. ‘போட்டிருகேன்’: ஒரு க் போட்டாள். ‘விட்டுலதான்’: நெடில் ஆக்கினாள். ‘செறுப்பு’! இத்தனை வருடம் ஒரு புரூஃப் ரீடரோடு குடித்தனம் செய்தும் இந்த மனிதருக்கு ரு, று தெரியவில்லை. ‘செருப்பைப் பார்த்துக் குழம்பாதே.’ இரண்டு ஒற்று விட்டிருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அச்சகத்து மேற்பார்வையாளர் சொன்ன பாடம் இன்னும் காதில் இருந்தது. எல்லாம் போனாலும் அது மட்டும் போகவில்லை. "பிழை பாக்கும்போது கதைக்குள்ள போயிடாதே. எழுத்தைப் பாரு. அர்த்தத்தைப் பாக்காதே."

திருத்திய தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. மறுபடி காந்தத்தால் ஒட்டினாள். மனது நிறைந்துபோயிற்று. எதற்காக இங்கே வந்தோம்? பால் ஆறிக்கிடந்தது. டீ போட்டுக் குடித்தாள்.

மேஜை மேல் ஒரு தட்டு மூடியிருந்தது. திறந்தாள். இரண்டு ரொட்டித் துண்டு, ஒரு அவித்த முட்டை. பாவம், அவளுக்காக எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்தில் அவருடைய மொபைல். அதையும் மறந்துவிட்டாரே! இவளைச் சொல்கிறார், இவர் மட்டும் என்னவாம். சிரித்துக்கொண்டே ரொட்டியைச் சாப்பிட்டாள். முட்டையையும்.

பதினோரு மணிக்குக் கதவு அதிர்ந்தது.

தட்டல் அல்ல. இடி. தோளால் மோதுகிற சத்தம். ஒன்று. இரண்டு. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பட்டப்பகலில், பூட்டிய அறைக்குள், யார்? மூன்றாவது மோதலுக்குப் பிறகு ஏதோ சரிந்து விழுந்தது. மூச்சு வாங்கும் சத்தம். ஈரமாக. கதவுக்கு மிகப் பக்கத்தில்.

"தொ... தொற. ரொட்டி. ரொட்டி குடு."

நாக்கு குழறியது. இது அவர் குரலே இல்லை. கொஞ்சம் அவர் போல இருந்ததுதான் இன்னும் பயமாக இருந்தது. யாரோ அவர் குரலை எடுத்துப் போட்டுக்கொண்டு, அது அளவு சேராமல் தொளதொளவென்று தொங்குவதுபோல.

அவள் சீட்டைப் படித்தாள். ‘உள்ளே அவர் இல்லை.’

இல்லையென்றால் சத்தம் எப்படி வரும்? சீட்டு பொய் சொல்லாது. அவள் எழுதியது தவறாக இருக்க முடியாது. அப்படியானால்... சட்டென்று புரிந்தது. அட, பிழை! எத்தனை எழுத்தாளர்களுக்குத் திருத்தியிருப்பாள், ‘இல்லை’ வேறு ‘அல்ல’ வேறு என்று. பொருள் அங்கே கிடையாது என்றால் இல்லை. பொருள் அதுவாகாது என்றால் அல்ல. அவசரத்தில், பயத்தில் எழுதியிருப்பாள். இதைச் சொல்லத்தான் எழுதியிருப்பாள்!

பேனாவைத் திறந்தாள். ‘உள்ளே’வுக்குப் பின்னால் ஒரு செருகல் குறி. இருப்பவர்? இருப்பவன்? இதற்கு என்ன மரியாதை. அஃறிணையே போதும். ‘இல்லை’யை அடித்தாள். இலக்கணப்படி ‘அன்று’ என்றுதான் வர வேண்டும்; ஆனால் நாளைக்குப் படிக்கும்போது அதை அந்த நாள் என்று நினைத்துக் குழம்பிவிடுவாள். ‘அல்ல’வே இருக்கட்டும்.

‘உள்ளே இருப்பது அவர் அல்ல.’

கதவுக்கு அந்தப் பக்கம் விசும்பல். "அம்மா... அம்மா..."

அவர் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பார்த்தாயா? அவள் தாழ்ப்பாளை இன்னும் அழுத்தித் தள்ளினாள். முழுசாகப் போய் உட்காரும் வரை.

மத்தியானம் மூன்று முறையோ முப்பது முறையோ அவள் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். ஒவ்வொரு முறையும் புதுக் கதவு. ஒவ்வொரு முறையும் உள்ளே எதுவோ நகர்ந்தது, மரத்தைச் சுரண்டியது, ஏதோ எழுதுவதுபோல் கிறுகிறுத்தது. ஒரு முறை கை தாழ்ப்பாளைத் தொட்டுக்கூட விட்டது. நிமிர்ந்தாள். சிவப்பில், தெளிவாக, தன் கையெழுத்தில் இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

பிறகு சுரண்டல் நின்றது.

மாலை ஐந்தேகாலுக்கு முகம் கழுவிக்கொண்டாள். இரண்டு டம்ளர் எடுத்து வைத்தாள். ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவாரே. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் தாமதமாக வந்ததே கிடையாது. அவர் வராவிட்டால் தன் கதி என்ன என்று நினைத்தபடி டம்ளர்களை இடம் மாற்றி வைத்தாள். பெயர்கள் போகும், நாள்கள் போகும், போகட்டும். அவர் வந்து "புள்ளி" என்று கூப்பிட்டால் போதும், அன்றைக்கு அவள் யார் என்பது தெரிந்துவிடும். போன் செய்தாள். மேஜை மேல் அவர் மொபைல் அலறியது. அழைப்பைத் துண்டித்தாள்.

நடையில் ஏதோ வெள்ளையாகக் கிடந்தது.

கதவின் அடியிடுக்கு வழியாகத் தள்ளிவிட்ட அட்டைத் துண்டு. பல்பு அட்டையைக் கிழித்தது. பென்சிலால் எழுதியிருந்தது. கோடுகள் மேலும் கீழுமாக ஓடி, கடைசி எழுத்து அட்டையை விட்டே வெளியே போயிருந்தது.

‘புல்லி கதவ தொற’

சே, என்ன தமிழ் இது. மண்டியிட்டு உட்கார்ந்தாள். ‘ல்லி’யை அடித்து ‘ள்ளி’. பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி. ‘கதவ’: கதவைத். ‘தொற’: திற. முடிவில் முற்றுப்புள்ளி. ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள். "புள்ளி, கதவைத் திற." சரியாக இருந்தது. எழுதியவருக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். அட்டையை இடுக்கில் தள்ளினாள்.

போகவில்லை. எதிலோ இடித்தது. கன்னம் தரையில் படக் குனிந்து பார்த்தாள்.

மூன்று விரல் நுனிகள். நகக்கண்ணில் மரச் சிராய். ஒரு விரலில், சற்று உள்ளே தள்ளி, தேய்ந்த மோதிரம். அதன் மேல் பொடி எழுத்தில் ஏதோ பொறித்திருந்தது. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

‘புள்ளி.’

பிழை இல்லை.

அட்டையை அந்த விரல்களின் மேல் நேராக வைத்து, எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவர் வருகிறாரா என்று பார்க்க வாசலுக்குப் போனாள்.