இருபத்திரண்டாவது குரல்

இருபத்தொன்றோடு முடிய வேண்டிய எண்ணிக்கை இருபத்திரண்டில் போய் நின்றது.

விமான நிலைய வாசலில் பஸ் கிளம்பும் முன் அவள் வழக்கம்போல மைக்கை எடுத்து, "எல்லாரும் அவங்கவங்க நம்பரைச் சொல்லுங்க பார்க்கலாம்" என்றிருந்தாள். டூர் மேனேஜர் வேலையில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவள். தலையை எண்ணினால் ஒருவர் குனிந்து ஷூ லேஸ் கட்டுவார், இன்னொருவர் எழுந்து மேலே பையைத் துழாவுவார், கணக்கு உதைக்கும். அதனால் கண்ணால் எண்ணுவதையே விட்டுவிட்டாள். ஆளுக்கொரு நம்பர், வரிசையாகக் குரல் வர வேண்டும், அவ்வளவுதான். டிரைவருக்குப் பக்கத்து மடக்கு சீட்டில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தபடி, திரும்பாமலே பேப்பரில் டிக் போட்டுக்கொண்டு போவாள்.

பயணிகள் இருபது பேர். இருபத்தொன்றாம் நம்பர் அவளுடைய தங்கை. "இருபத்தொண்ணு!" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவள் கத்தியதில் பஸ்ஸே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு, கடைசி வரிசையிலிருந்து, மெதுவாக, தெளிவாக, ஒரு குரல் வந்தது.

"இருபத்திரெண்டு."

"மாமா, ஃப்ளைட்ல எட்டு மணி நேரம் கடிச்சது போதாதா உங்களுக்கு?" என்றாள் அவள். குழுவில் 'கடி மாமா' என்று அதற்குள் பேர் வாங்கியிருந்த ரிடையர்டு வங்கி அதிகாரி மூன்றாவது வரிசையிலிருந்து கையை உயர்த்தினார். "ஐயையோ, சத்தியமா நான் இல்லம்மா. நான் நாலாம் நம்பர். நாலுன்னு சொன்னதோட வாயை மூடிட்டேன்."

கடைசி வரிசையில் யாருமே இல்லை. மடித்து வைத்த குடைகள் மட்டும்தான் கிடந்தன.

அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள அவளுக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. இந்தப் பயணத்தில் அவள் கண்ணெல்லாம் தங்கை மேல்தான். விவாகரத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், குளி என்றால் குளிப்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. டூருக்கு வருகிறாயா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டபோது தலையை ஆட்டிவிட்டாள். கிளம்பும்போது அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை நம்பித்தான்டி அனுப்புறேன். எனக்கு வேற தைரியம் இல்ல" என்றாள். அம்மா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

நகரம் ஆயிரம் வருஷத்துப் பழையது. இரண்டு பக்கமும் கருத்த கல் வீடுகள் முன்னால் சாய்ந்து நின்றதில் தெருக்களில் நடுப்பகலிலும் வெளிச்சம் குறைவு. ஈரக் கல்லின் வாடையும் பாசியின் வாடையும் மூக்கிலேயே தங்கின. அரண்மனைக் கூடங்களில் நடந்தால் காலடிச் சத்தம் தூரத்துச் சுவரில் மோதி, கொஞ்சம் தாமதமாக, யாரோ பின்னால் வருகிற மாதிரி திரும்பி வந்தது. தங்கைக்கு அது பிடித்திருந்தது. வேண்டுமென்றே காலைத் தட்டித் தட்டி நடந்தாள்.

அரண்மனையிலிருந்து திரும்பியபோது மறுபடியும் அந்தக் குரல். இந்தத் தடவை நடு வரிசையிலிருந்து.

அவள் எழுந்து போய் ஒவ்வொரு சீட்டாகத் தொட்டு எண்ணினாள். இருபத்தொரு பேர். மறுபடியும் எண்ணினாள். இருபத்தொன்றுதான். "இப்ப யாரு பேசினது?" என்று கேட்டதற்கு ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். விளையாட்டாக இருந்தால் யாராவது ஒருத்தர் உதட்டிலாவது சிரிப்பு இருக்கும். இல்லை.

ஹோட்டலும் பழைய மாளிகைதான். மறுநாள் காலை ஒரு பயணியின் பெட்டிச் சாவி தொலைந்த பஞ்சாயத்தில் அவள் ரிசப்ஷனிலேயே ஒரு காபியோடு ஒரு மணி நேரம் நின்றாள். சாப்பாட்டுக் கூடத்துப் பணியாளர் கையெழுத்துக்காகத் தாளை நீட்டினார். இருபத்திரண்டு பேர் சாப்பிட்டதாகப் போட்டிருந்தது.

"நான் இன்னும் சாப்பிடவே இல்லையே. இருபத்தொன்றுதான் வரும்" என்றாள்.

அவர் மரியாதையாக மறுத்தார். ஜன்னலோர மேஜையில் உங்கள் தங்கையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாரே, அவரையும் சேர்த்துத்தான் என்றார். முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். முதுகைத்தான் பார்த்தாராம். தட்டு வைத்தது வைத்தபடி இருந்ததாம்.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி அறைக்கு ஓடினாள். தங்கை கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"காலைல உன்கூட யாருடி உட்கார்ந்திருந்தது?"

"என்ன கேள்விக்கா இது? நீதான். தலைவலின்னு துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கிட்டு உம்முனு உட்கார்ந்திருந்தியே. பாவமேன்னு நானும் தொந்தரவு பண்ணல." சீப்பை வைத்துவிட்டு அக்காவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "இப்ப பரவாயில்லையா? காலைல உன் கை எப்படி ஜில்லுனு இருந்துச்சு தெரியுமா?"

நான் இல்லைடி அது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணுக்கு மை போட்டிருந்தாள். இந்த நேரத்தில் இவளை மிரட்டினால் மறுபடியும் அந்த அறை, அந்தச் சாத்திய கதவு. "பரவாயில்லை. இன்னைக்குப் பூரா என் கையை விடாதே" என்று மட்டும் சொன்னாள்.

அன்று முழுக்க விடவில்லை. மணிக்கூண்டின் குறுகலான படிகளில், பாலத்தில், ஓவியக் கூடத்தில், ஐஸ்கிரீம் வாங்கும்போதுகூட. "என்னமோ காதலர்கள் மாதிரி" என்று கடி மாமா கிண்டல் செய்தார். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள். பாலத்திலிருந்து கிளம்பியபோது நம்பர் சொல்லும் நேரம் வந்தது. தங்கை அவளுக்கு நேர் பின் சீட்டில். "இருபத்தொண்ணு." அடுத்த மூச்சிலேயே, தங்கைக்குப் பக்கத்துக் காலி சீட்டிலிருந்து, "இருபத்திரெண்டு."

டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடி இறுகியதை அவள் பார்த்தாள்.

கடைசியாகக் கோட்டை வாசல். சாயங்காலம் தூறல் பிடித்து, கூடவே மூடுபனியும் இறங்கியது. கோட்டையின் வளைவுக்குக் கீழே எல்லோரும் மஞ்சள் நிற மழைக்கோட்டுக்குள், எல்லோரும் ஒரே மாதிரி. பஸ்ஸை அங்கே மூன்று நிமிடத்துக்கு மேல் நிறுத்த விடமாட்டார்கள். போலீஸ்காரர் விசில் ஊதத் தொடங்கிவிட்டார். அந்த அவசரத்தில்தான் ஒன்பதாம் நம்பர் அம்மா ஈரப் படியில் வழுக்கி உட்கார்ந்தார்.

அவரைத் தூக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. தங்கையின் கையை விட்டாள்.

"அக்கா, டாய்லெட் போயிட்டு ஒரு நிமிஷத்துல வந்துடறேன்."

"சீக்கிரம் வாடி. நேரா வந்து என் பின்னாடி உட்காரு."

அந்த அம்மாவைத் தாங்கி ஏற்றி, சீட்டில் உட்கார வைத்து, காலைத் தேய்த்துவிட்டு, அவள் மடக்கு சீட்டுக்கு வந்தபோது விசில் காதைப் பிளந்தது. ஜன்னல்களில் பனி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. பின் சீட்டில் யாரோ வந்து உட்காரும் சத்தம். மழைக்கோட்டின் சரசரப்பு. நம்பரைச் சொல்லச் சொல்லி மைக்கில் கத்தினாள். பேனா டிக் டிக்கென்று இறங்கியது. பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

"இருபத்தொண்ணு." காதுக்குப் பின்னால், தங்கையின் குரல்.

பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். ஒரு நொடி. இரண்டு நொடி. ஐந்து. மழைதான் கேட்டது.

இருபத்திரண்டு வரவில்லை!

நெஞ்சுக்குள் கட்டியிருந்தது எல்லாம் அப்படியே கரைந்தது. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. "போலாம்" என்றாள். கதவு மூடியது. பஸ் நகர்ந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளில் விழுந்தது. திரும்பாமலே அதைத் தன் கையால் மூடிக்கொண்டாள். "ரொம்பக் குளிருதாடி? ரூமுக்குப் போனதும் வெந்நீர்ல குளி." கை ஐஸ்கட்டியாக இருந்தது. களைத்திருப்பாள், பாவம்.

ஒருவழிப் பாதை என்பதால் பஸ் கோட்டையை முழுக்கச் சுற்றிக்கொண்டு மறுபடியும் அதே வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வைப்பர் ஒருமுறை இழுத்து விட்டது. கண்ணாடி தெளிந்தது.

வாசலில் மஞ்சள் மழைக்கோட்டில் ஒருத்தி தனியாக நின்றாள்.

பஸ்ஸைப் பார்த்ததும் ரோட்டில் இறங்கி ஓடிவந்தாள். தொப்பி பின்னால் விழுந்தது. கண் மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது. இரண்டு கையையும் ஆட்டினாள். வாய் அகலத் திறந்து திறந்து மூடியது. சத்தம் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அக்கா, அக்கா என்றுதான்.

நிறுத்துங்க.

சொன்னாளா, நினைத்தாளா? தெரியவில்லை. டிரைவர் ரோட்டைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியையே பார்த்தார். பஸ் நிற்கவில்லை. பின்னால் இருபது பேரில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை.

தங்கை ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தாள். கண்ணாடியை அறைந்தாள். கூடவே ஓடினாள். பின்தங்கினாள். பனி அவளை மூடியது.

தோளில் கிடந்த கையின் மேலிருந்து அக்கா தன் கையை உருவப் பார்த்தாள். முடியவில்லை.

"அக்கா" என்றது பின் சீட்டு, தங்கையின் குரலில், ஆசையாக. "எண்ணிக்கை சரியாத்தானே இருக்கு?"

அவள் திரும்பவில்லை. ஓரக்கண்ணால் தோளிலிருந்த தன் கையை மட்டும் பார்த்தாள். ஈரமான விரல்கள் அதைச் சுற்றி ஒவ்வொன்றாக மடங்கின. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

பிறகு, அவசரமே இல்லாமல், ஆறாவது.