கடைசி ஆள்

"இருக்கேன்" என்ற பதில் முன்னாலிருந்து வந்திருந்தால் பெரியவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். அது பின்னாலிருந்து வந்தது. வரிசையில் கடைசி ஆளோ அவர்தான்.

ஓநாய் காட்டக் கூட்டிப்போகும் வழிகாட்டிப் பெண் காட்டின் வாசலிலேயே கறாராகச் சொல்லியிருந்தாள். "பேச்சு கூடாது, டார்ச் கூடாது. என் கண்ணு முன்னாலதான் இருக்கும், திரும்பிப் பாக்க மாட்டேன். நடுவுல 'கடைசி'ன்னு கேப்பேன். கடைசி ஆள் 'இருக்கேன்'னு குரல் கொடுக்கணும். குரல் வரலைன்னா நின்னுடுவேன்."

"கடைசியா நான் வரேன்" என்று பெரியவர் முந்திக்கொண்டார். முழங்கால் வலியை மறைக்க வேறு வழியில்லை. "வீட்டுக்குப் பெரியவன் எல்லாரையும் முன்னால விட்டுத்தான் நடக்கணும்."

"ஆடு மேய்க்கிறவனும் அப்படித்தான் சம்பந்தி நடப்பான்" என்று சிரித்தார் மாப்பிள்ளையின் அப்பா. நிச்சயம் முடிந்த கையோடு இரு குடும்பமும் சேர்ந்து எங்காவது போய்வர வேண்டும் என்று இழுத்து வந்தவர் அவர்தான். வழிகாட்டிக்குப் பின்னால் அவர், அடுத்து மாப்பிள்ளை, பிறகு மகள், கடைசியில் பெரியவர்.

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. ஈரச் சருகின் வாடை மூக்கில் ஏறியது. முதல் தடவை வழிகாட்டி "கடைசி" என்று கேட்டபோது மேட்டில் மூச்சு வாங்கியதில் பெரியவரின் குரல் பிசிறடித்து, கீச்சென்று உடைந்து வந்தது.

"அட, ஓநாய்தான் பதில் சொல்லுதோன்னு பாத்தேன்!" என்றார் சம்பந்தி. மாப்பிள்ளையும் தோள் குலுங்கச் சிரித்தான்.

பெரியவருக்குக் காது மடல் சுட்டது. ஒரு கூடத்தில் அவர் தொண்டையைச் செருமினாலே நாற்காலிகள் நகர்ந்த காலம் உண்டு. பெண்ணைக் கொடுக்கிறோம் என்பதற்காக முதுகை வளைக்க முடியுமா? அடுத்த முறை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார். வழிகாட்டியே நின்று, திரும்பி, மரியாதையாக விசாரிக்கட்டும்.

இரண்டாம் முறை கேட்டாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"இருக்கேன்."

அவருடைய குரல். அதே பிசிறு, அதே இடத்தில் உடைசல்.

வரிசை நிற்காமல் நடந்தது. எதிரொலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லாத சொல்லுக்கு ஏது எதிரொலி? பின்னால் சருகு நொறுங்கியது. அவர் கால் வைத்தால் அதுவும் கால் வைத்தது. வலது காலை அவரைப் போலவே இழுத்து வைத்தது. அவர் தினமும் தடவும் மூட்டுவலித் தைலத்தின் வாசனை பின்னாலிருந்து வந்தது. அன்று அவர் தைலம் தடவியிருக்கவில்லை.

மகளின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். 'எனக்குப் பின்னால யாரோ பேசுறாங்க.'

அந்த வார்த்தையைத்தான் அவரால் சொல்ல முடியாது. அவருடைய தம்பி முதன்முதலில் சொன்னதும் அதுதான். பிறகு மாடி அறை, வெளித்தாழ்ப்பாள், ஒரு விடியலில் சத்தமில்லாத சாவு. காய்ச்சலில் போனான் என்றுதான் ஊருக்குச் சொன்னது, சம்பந்திக்கும் சொன்னது. "என்ன காய்ச்சல்?" என்று அவர் ஏற்கெனவே தோண்டிப் பார்த்தாயிற்று. இப்போது வாயைத் திறந்தால் கல்யாணம் இந்தக் காட்டிலேயே நின்றுவிடும். பைத்தியக்காரக் குடும்பம் என்ற பேர் பெண்ணின் தலையில் விழும். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அதைக் கேட்டே வளர்ந்தவர் அவர்.

பேசாமல் நடந்தார்.

மேட்டின் விளிம்பில் வழிகாட்டி கை உயர்த்தினாள். கீழே சரிவில் ஓநாய்கள் வந்தன, சாம்பல் நிறத்தில், புகை நகர்வது போல. முன்னால் வந்த பெண் ஓநாய் தலை தூக்கியது. சம்பந்தியைப் பார்க்கவில்லை. மகளைப் பார்க்கவில்லை. பெரியவரின் தோளைத் தாண்டிப் பார்த்தது. அதன் வால் மெல்ல இறங்கிக் கால்களுக்கிடையே புகுந்தது.

"மனுஷங்களப் பாத்து இது இப்படிப் பயந்ததே இல்லியே" என்று முணுமுணுத்தாள் வழிகாட்டி. "வாங்க, குடிலுக்குப் போயிடலாம். கடைசி?"

"இருக்கேன்" என்றது.

குடிலின் விளக்கு மரங்களுக்கிடையே தெரிந்தபோது பெரியவரின் முழங்கால் மடங்கியது. சேற்றில் கையூன்றி விழுந்தார். ஒரு கோட்டின் நுனி அவர் கன்னத்தை உரசிக் கடந்தது. அவருடைய கோட்டு. அதே கூன். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொள்ளும் அதே நடை.

"அப்பா, படி வழுக்குது. கையக் குடுங்க" என்று மகள் கையைப் பின்னால் நீட்டினாள்.

அது கொடுத்தது.

"இதோ வந்துட்டேன் கண்ணு."

"கண்ணுன்னு கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சுப்பா!" மகளின் குரல் குழைந்தது.

நாலு பேர் முன்னால் அப்படிக் கூப்பிடுவது அழகில்லை என்று அவர்தான் நிறுத்தியிருந்தார்.

பெரியவர் கத்தினார். மானம், சம்பந்தி, தம்பி, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கத்தினார். வாயிலிருந்து மூச்சு ஆவியாக வந்தது. ஆவி மட்டும். சொல் இல்லை. ஓசை இல்லை.

கதவு சாத்திக்கொண்டது. தவழ்ந்து போய் அறைந்தார்.

"வெளிய யாரோ தட்டுறாங்க" என்றது மகளின் குரல்.

"திறக்காத கண்ணு. ஓநாயா இருக்கும்."

"ஓநாய் கதவத் தட்டாதே சார்" என்றாள் வழிகாட்டி. "எல்லாரும் உள்ள வந்தாச்சுல்ல? கடைசி?"

"இருக்கேன்."

தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே அவர் தனியாக.

சன்னலுக்கு நகர்ந்தார். உள்ளே சம்பந்தி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அது நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. முகம் நிழலில். மகள் அதன் முன்னால் மண்டியிட்டு, ஈரமான பூட்சின் கயிற்றை அவிழ்த்தாள். ஒன்றைக் கழற்றினாள்.

சட்டென்று அசையாமல் போனாள். பார்வை அதன் பாதத்திலேயே நின்றது. தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தத் துணியவில்லை.

அது குனிந்து அவள் தலையில் கை வைத்தது.

பெரியவரின் இரு பக்கமும் ஈர ரோமத்தின் வாடை. ஓநாய்கள் வந்து உட்கார்ந்திருந்தன. அவரை ஒன்றும் செய்யவில்லை. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாலை ஒடுக்கிக்கொண்டு, அவரைப் போலவே, சன்னலைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தன.