ஐவி இறங்கிப் போன வழி

மேல்மாடி அறையில் விரித்திருந்த கம்பளத்தின் ஒரு முனை மடங்கிக் கிடந்தது. ஹெஸ்டர் அதைக் காலையில்தான் நீவி விட்டிருந்தாள். காலால் தள்ளிச் சரி செய்துவிட்டுப் போயிருக்கலாம். அவளோ மண்டியிட்டு, கம்பளத்தை இன்னும் கொஞ்சம் விலக்கி, அடியிலிருந்த தரைக்கதவின் விளிம்பில் விரலை ஓட்டினாள். இடுக்கு வழியே கீழ்க்கூடத்தின் மெழுகு வாசனையும், அணைந்த கணப்பின் சாம்பல் வாசனையும், அதற்கும் அடியில் ஈர மண் வாசனையும் ஏறி வந்தன.

அந்தப் பண்ணைவீட்டை முந்நூறு வருஷங்களுக்கு முன் கட்டியவனுக்கு உயிரோடு இருப்பவர்கள் ஞாபகம் மட்டும்தான் இருந்திருக்கிறது. நடுவில் ஓர் அறை அகலத்துக்குப் புகைபோக்கி. அதைச் சுற்றி வளைந்து ஏறும் படிக்கட்டு. ஆள் ஏறலாம், சவப்பெட்டி திரும்பாது. முதல் சாவு விழுந்த பிறகுதான் யாருக்கோ உறைத்து, மேல்மாடித் தரையை அறுத்து இந்தக் கதவை வைத்திருக்கிறார்கள். பெட்டியைக் கயிறு கட்டிக் கீழ்க்கூடத்தில் இறக்கியதும், அன்றைக்கே ஆணி அடித்து மூடிவிடுவது இங்கிலாந்தின் இந்த சஃபோக் பக்கத்து வழக்கம்.

ஐவி இறங்கிப் போய் ஐந்து வாரமாகிறது. ஒன்பது வயது. தொண்டை அடைப்பான். ஆணி அடிக்க வந்த தச்சரை ஹெஸ்டர் மூன்று முறை தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"அடிச்சுத் தொலைக்கட்டும் ஹெஸ்டர். அதை அப்படியே விட்டு வைக்கக் கூடாது," என்று நேற்று ராத்திரியும் சொன்னான் அவள் கணவன் அமோஸ்.

"அவ போன வழி அது. அதையும் அடைச்சிட்டா எப்படி வருவா?"

"இன்னொருத்தி இருக்கா. அவளும் நீ பெத்த பிள்ளைதான். கொஞ்சம் திரும்பிப் பாரு."

அந்த இன்னொருத்தி மேபெல், ஐந்து வயது. ஐந்து வாரமாக அவளுக்குச் சோறூட்டுவது, முகம் கழுவுவது எல்லாம் அமோஸ்தான். சின்னவளைப் பார்த்தாலே பெரியவள் இல்லாதது ஹெஸ்டரின் கண்ணில் குத்தியது. அதனால் பார்க்கவில்லை. பெற்ற வயிறு அப்படியும் இருக்கும்.

இப்போதும் மேபெல் அந்த மேல்மாடி அறைக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"கம்பளத்தை மடிச்சது யாரு?"

"நான் இல்லம்மா. ஐவி. அவளுக்குத் தனியா விளையாடப் பிடிக்கலையாம்."

ஹெஸ்டருக்குப் பயம் வரவில்லை. ஆசைதான் வந்தது. "என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?"

மேபெல் யோசித்தாள். "இல்லையே."

அதை ஹெஸ்டரால் தாங்க முடியவில்லை. குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு, சுழல்படியில் தோள் உரச இறங்கி, முற்றத்துக்கு வந்துவிட்டாள். மூன்றரை மணிக்கே டிசம்பர் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மாட்டுத்தொழுவத்திலிருந்து சாணமும் ஆவியும் கலந்த வெதுவெதுப்பு வந்தது. எலி ஏறாமலிருக்கக் காளான் வடிவக் கற்களின்மேல் தூக்கி நிறுத்தியிருந்த தானியக்கிடங்குக்கு அடியில் இருட்டு ஏற்கெனவே வந்து படுத்துவிட்டிருந்தது. அதற்கப்பால், கதிரடிக்கும் பெரிய கொட்டகையில் அமோஸ் மாடுகளுக்கு டர்னிப் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தான்.

அழுவதற்காகத்தான் அவள் அங்கே போனாள். அழவில்லை. சுவரிலிருந்த மரமுளை காலியாக இருந்தது.

"வண்டிக் கயிறு எங்க?"

"அங்கதானே மாட்டினேன், மத்தியானம்." அமோஸ் திரும்பிப் பார்த்தான். "எவன் எடுத்தான்?"

ஐவியை இறக்கிய கயிறு அது. கொட்டகைத் தூசியில் அதை இழுத்துப் போன தடம் இருந்தது. வாசலைத் தாண்டி முற்றத்துச் சேற்றிலும் இருந்தது. நேராக வீட்டின் பின்கதவுக்குப் போயிருந்தது. கயிற்றின் தடம் மட்டும். பக்கத்தில் ஒரு காலடி கூட இல்லை.

ஹெஸ்டர் ஓடினாள்.

சமையலறை. யாரும் இல்லை. நடைவழி. மரத்தில் கயிறு உரசும் சத்தம். நின்றது. மறுபடியும் உரசியது.

"மேபெல்?"

கீழ்க்கூடத்தின் கதவைத் தள்ளினாள்.

கூரையில் தரைக்கதவு திறந்திருந்தது. அதிலிருந்து கயிறு இறங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக. ஒரு பக்கமும் சாயாமல். நாலு ஆம்பிளைகள் பார்த்துப் பார்த்து இறக்குவார்களே, அப்படி. கயிற்று வளையத்தில் மேபெல் மல்லாந்து படுத்திருந்தாள். கைகள் நெஞ்சின்மேல். கண் மூடியிருந்தது. உதடு நீலம்.

மேலே, அந்தச் சதுர இருட்டின் விளிம்பில், இரண்டு சின்னக் கைகள் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தன. ஹெஸ்டர் அந்தக் கைகளுக்கு எத்தனையோ முறை சோப்பு போட்டிருக்கிறாள்.

பின்னால் அமோஸின் பூட்ஸ் சத்தம். அவன் குரல் உடைந்து வந்தது. "பிள்ளையைப் பிடி. ஹெஸ்டர், பிள்ளையைப் பிடி."

ஹெஸ்டர் கைகளைத் தூக்கினாள். மேபெலைத் தாண்டி, இன்னும் மேலே, அந்தக் கைகளை நோக்கி.