பொரியாத நெல்

விடியற்காலை. போன் அலறியது.

"தர்சினி... ஸ்ரோர் எரியுது. தங்கராசா உள்ளுக்க!"

அத்தான் கிருசாந்தனின் குரல். சிவதர்சினிக்குத் தூக்கம் பறந்தது.

எரிவது முள்ளியவளை அரிசி மில்லின் களஞ்சியம். கம்பனி வாங்கிய கடனுக்கு உள்ளே இருக்கும் நெல் முழுவதும் ஈடு. கதவில் தொங்குவது பைனான்ஸ்காரர்களின் பூட்டு. தங்கராசா அங்கே காவல்காரர்.

டைரக்டர் என்று கையெழுத்துப் போட்டவள் சிவதர்சினி ஒருத்திதான்!

"வெறும் கையெழுத்துத்தானே பிள்ளை," என்று அன்றைக்குப் பேனையை நீட்டியவர் இதே அத்தான். மில்லை ஆட்டிவைப்பதும் அவர்தான். பத்திரத்தில் மட்டும் அவர் பெயர் இல்லை. அக்காவின் புருஷன்தானே என்று வாசிக்காமலே போட்டுவிட்டாள். அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்கூட்டரை முன்வாசலுக்கு விடவில்லை. பின்பக்க வயல் வழியாக விட்டாள். அங்கே கண்டதை அவள் யாருக்கும் சொல்லவில்லை... இப்போதைக்கு.

வெயில் ஏறிவிட்டது. பொலிஸார் ஈரச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பிணம் இன்னும் கிடைக்கவில்லை.

"ஆர் டைரக்டர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவாதான்." கிருசாந்தன் விரலை நீட்டினார். "நான் சம்பளத்துக்கு நிக்கிற மனேஜர்."

பைனான்ஸ் கம்பனி நிரஞ்சன் பாய்ந்தார். "ஈடு வைச்ச நெல்லும் போச்சு, மனிசனும் போயிட்டார். நீங்கள்தான் பதில் சொல்லோணும்."

"சொல்லுறன்."

குனிந்து ஒரு கைப்பிடி சாம்பலை அள்ளினாள்.

"இதில ஒரு பொரி காட்டுங்கோ."

"என்ன கதைக்கிறியள்?" என்றார் நிரஞ்சன்.

"நெல்லு எரிஞ்சால் பொரியும். கதவடியில மட்டும் பொரி கிடக்கு. மிச்சமெல்லாம் உமிச் சாம்பல்."

"போன கிழமையும் மூட்டையில ஊசி குத்தி எடுத்துப் பாத்தனான். நெல்லுத்தான்!"

"முன்வரிசையில குத்தியிருப்பியள். பின்னுக்கு முழுக்க உமி மூட்டை."

நிரஞ்சன் குனிந்து தானும் சாம்பலைக் கிளறினார். கிருசாந்தன் சிரித்தார்.

"பூட்டு அவையளின்ர. திறப்பும் அவையளிட்ட. நெல்லு பறந்தே போனது?"

"பின்சுவர் ஓட்டையால. தகரம் வைச்சு மறைச்ச ஓட்டை."

அந்தச் சிரிப்பு ஒரு கணம் நின்றது. ஒரு கணம்தான்.

"அதை ஆர் வெட்டினது எண்டு தங்கராசாவுக்குத்தான் தெரியும். அவர் பாவம்... இனி டைரக்டர் நீதான் வெட்டினாய் எண்டு வரும்."

"டைரக்டர் கதிரையில இருக்கிற ஆளை மட்டும் சட்டம் பிடிக்காது அத்தான். பேர் இல்லாமல் பின்னால நிண்டு கம்பனியை நடத்தினவரையும் பிடிக்கும்."

"சாட்சி ஆர்?"

சிவதர்சினி வயல் பக்கம் திரும்பிக் கையை அசைத்தாள்.

பம்ப் அறைக் கதவு திறந்தது. தலையில் அவளுடைய சால்வையைக் கட்டியபடி, தள்ளாடித் தள்ளாடி...

தங்கராசா!

"லொறியில நெல்லு ஏத்தினதைக் கண்டிட்டன் எண்டு இந்த மனேஜர்தான் மண்டையில அடிச்சு, பின்பக்கத்தால உள்ளுக்க தள்ளினவர் ஐயா," என்றார் இன்ஸ்பெக்டரிடம். "பிறகுதான் நெருப்பு வைச்சவர். நெல்லுப் போன ஓட்டையாலதான் நானும் தவண்டு வந்தனான்."

கிருசாந்தன் திரும்பி ஓடப் பார்த்தார். சேர்ட் கொலர் ஒரு பொலிஸ்காரரின் கையில் இருந்தது.

"நீங்கள் வருமட்டும் இவரை ஒளிச்சு வைச்சனான்," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "இல்லாட்டி அத்தான் தொடங்கினதை முடிச்சிருப்பார்."

நிரஞ்சன் தொண்டையைச் செருமினார். "அப்ப கடன்?"

"அது கம்பனியின்ர கடன். லொறி போன இடத்தில நெல்லைப் பிடியுங்கோ, அது உங்கட ஈடு. மிச்சத்தை மில்லை ஓட்டிக் கட்டுவம். வாசிக்காமல் வைச்ச கையெழுத்து என்ர பிழை. எந்தக் கோர்ட்டிலயும் வந்து சொல்லுவன். ஓடமாட்டன்."



இன்ஸ்பெக்டர் கிருசாந்தனின் வாக்குமூலத்தை எழுதி முடித்துப் பேனையோடு அவரிடம் நீட்டினார். அவர் பேனையைத் தொடாமல் தாளைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

"என்ன அத்தான் யோசிக்கிறியள்?" என்றாள் சிவதர்சினி. "வெறும் கையெழுத்துத்தானே."