இந்தப் பக்கமா வாங்க, கோரா

"எந்திரிங்க மேடம்... ஐயோ, எந்திரிங்க!"

கோரா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் கொப்புளம். செங்கல் பாவிய அந்தத் தெருவில் மேற்கொண்டு ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. யார் வீடென்றும் பாராமல் ஒரு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கா இவ்வளவு கூப்பாடு?

கையில் பிரஷ்ஷோடு ஒருவன் நின்றிருந்தான். கறுத்த, நெடிய உருவம். முழங்கை வரை பச்சைப் பெயின்ட்.

"உட்கார்ந்தா தேய்ஞ்சா போயிடும் உங்க படி?"

"படி தேயாது மேடம். உங்க ஸ்கர்ட்டுதான்..."

எழுந்து திரும்பிப் பார்த்தாள். வெள்ளை ஸ்கர்ட்டில் பளபளவென்று இரண்டு பச்சைப் பட்டைகள்!

"ஒரு போர்டு வைக்கக் கூடாதா?"

"வெச்சேனே..." அவன் தயங்கினான். "அது மேலதான் உட்கார்ந்திருந்தீங்க."

முறைக்கத்தான் நினைத்தாள்... சிரிப்பு முந்திக்கொண்டது. அவனும் சிரித்தான். தேன் நிறக் கண்கள். பேசுகிறவரின் முகத்தை விட்டு இம்மியும் நகராத கண்கள்.

"முதல்ல இந்த மேடத்தை விடுங்க. அம்பது வயசு ஆன மாதிரி இருக்கு. என் பேரு கோரா."

"எங்க சவானா ஊர்ல தொட்டில் குழந்தையா இருந்தாலும் மேடம்தான். நான் ரூஃபஸ்."

உள்ளே போய்ப் பிளாஸ்திரியும், தன் அக்காவின் பழைய செருப்பும் கொண்டுவந்தான். "ஸ்கர்ட்டுக்கு ஈடா ஊரைச் சுத்திக் காட்டட்டுமா?"

அவள் சரியென்றாள். தனியாகத்தானே வந்திருக்கிறாள்...

நியாயப்படி இது அவளுடைய தேனிலவு. சொந்த ஊரான கிளீவ்லாந்தில் போன வாரம் நடந்திருக்க வேண்டிய கல்யாணம். மாப்பிள்ளை கிராண்ட் கெட்டவனில்லை. ஆனால் அவள் எதைச் சொன்னாலும் போனிலிருந்து தலை தூக்காமல் ஒரு "ம்..." தான். அந்த "ம்" கேட்டுக் கேட்டு அலுத்து, ஒருநாள் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டாள். சவானாவில் பதிவு செய்திருந்த விடுதி அறையை மட்டும் விட மனம் வரவில்லை.

சதுக்கம் சதுக்கமாக நடந்தார்கள். ஓக் மரங்கள் தெருவுக்குக் குறுக்கே கைகோத்து நின்றன. கிளைகளில் தொங்கிய சாம்பல் நிறப் பாசி காற்றில் மெல்ல ஆடியது. நிழலுக்கு நிழல் தாவினார்கள். பீச் பழ ஐஸ்கிரீம் அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"இந்தப் பக்கமா வாங்க, கோரா..." ஒவ்வொரு திருப்பத்திலும் அவளைத் தன் இடது பக்கம் வரச் சொன்னான்.

"என்னங்க இது, டான்ஸா?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்."

அவள் பேசினாள்... பேசிக்கொண்டே இருந்தாள். அப்பா ஓட்டிய பஸ், ஏரிக்கரைப் பனி, எதையெதையோ. அவன் ஒரு வார்த்தையைக்கூடச் சிந்தாமல் வாங்கிக்கொண்டான். இப்படியும் ஒருவர் கேட்பாரா என்ன?

பிற்பகலில் வானம் சட்டென்று இருண்டது. கொட்டோ கொட்டென்று மழை. ஓடிப்போய் ஒரு தேவாலயத்தின் தூண்களுக்கிடையே ஒதுங்கினார்கள். அங்கே ஏற்கெனவே கூட்டம். இடிபட்டதில் கோரா அவனுடைய வலது பக்கம் போய்ச் சேர்ந்தாள். அவன் தோளில் மழைத்துளிகள். அவள் நெஞ்சில் என்னவோ தளும்பியது...

"ரூஃபஸ்..." மெல்லச் சொன்னாள். "இந்த ஊரை விட்டுப் போகவே மனசில்ல... உங்களாலதான்."

அவன் மழையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி, "மழை சீக்கிரம் விட்டுடும் போலிருக்கே" என்றான்.

அவ்வளவுதான். அவள் முகம் வாடியது. இவனும் அப்படித்தானா? கேட்காத மாதிரி இருந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டாமே!

"நான் கிளம்பறேன்" என்று மழையிலேயே இறங்கி நடந்தாள். பின்னால் அவன் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

மறுநாள் ஞாயிறு. மாலையில் ஊருக்குத் திரும்ப வேண்டும். பகலில் ஆற்றங்கரையில் தனியாகத் திரிந்தாள். வேகவைத்த நிலக்கடலை விற்ற பெண் அவள் காலையே உற்றுப் பார்த்தாள்.

"அது என் செருப்பாச்சே! அப்போ நீதான் கோராவா? நான் டெல்லா, ரூஃபஸோட அக்கா. ராத்திரி சாப்பிடக்கூட இல்ல அவன். என்னம்மா ஆச்சு?"

கோரா மனம் பொறுக்காமல் சொல்லிவிட்டாள்.

டெல்லா இடுப்பில் கை வைத்தாள். "எந்தப் பக்கம் நின்னு சொன்னே?"

"வலது பக்கம்..."

"போச்சு! அந்தக் காது செத்துப்போயி எத்தனையோ வருஷமாச்சு. சின்ன வயசுல வந்த காய்ச்சல். ஆனா வாயைத் திறந்து சொல்லமாட்டான், வீம்பு புடிச்சவன். பரிதாபமா பார்த்துடுவாங்களாம்!"

கடலைப் பொட்டலத்தை வாங்க மறந்து கோரா ஓட்டமும் நடையுமாகப் புறப்பட்டாள்.

இரண்டு சதுக்கம் தாண்டியதும் எதிரே ரூஃபஸ்! சட்டையெல்லாம் வியர்வை.

"காலையிலேருந்து விடுதி விடுதியா ஏறி இறங்குறேன்..." மூச்சு வாங்கினான். "நேத்து நீங்க என்னமோ சொல்லியிருக்கீங்க. உங்க முகத்தைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது. கோரா, எனக்கு இந்தக் காது..."

"டெல்லா சொன்னாங்க. என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"நேத்து ஒரு நாளாவது... முழு ஆளா உங்களோட நடக்கணும்னு ஆசை. தப்புதான்." தலை குனிந்தான். "போகாதீங்க கோரா. நீங்க பேசப் பேசக் கேட்டுக்கிட்டே இருக்கணும்போல இருக்கு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்ப."

கோரா அவனைச் சுற்றி இடது பக்கம் வந்தாள். கால் விரல்களில் எம்பி நின்றாள்.

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு. இப்போ கேட்டுச்சா?"

அவன் கண்கள் நிறைந்தன. மெதுவாகத் திரும்பி வலது காதை அவளிடம் காட்டினான்.

"இதுலயும் ஒரு தடவை சொல்லேன்..."

"அதுல உனக்குக் கேக்காதுல்ல!"

"பரவாயில்ல... உன் மூச்சாவது படட்டுமே."