பழக்கும் தண்ணீர்

கோடு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

செம்பியன் உப்பு மீட்டரைச் சட்டை நுனியால் துடைத்தான். சமையலறைக் குழாய்த் தண்ணீரில் இன்னும் இரண்டு சொட்டு அதன் கண்ணாடி மேல் விட்டு, செல்போன் டார்ச்சுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேரும் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு உப்பு. நல்ல தண்ணீருக்கு அது அடியில் பூஜ்யத்தில் கிடக்க வேண்டும். இப்போது மேலே ஏறி நின்றது, கடல் தண்ணீருக்கு நிற்கிற மாதிரி.

“யாரு என் மீட்டரத் தொட்டது?”

ஹால் சோபாவில் சாய்ந்திருந்த ராஜவேல் தலையைக்கூடத் தூக்கவில்லை. அக்கா புருஷன். “டாக்டரு கூப்புடுறாரு பாரு பிரியா. எறாலுக்கு குளுக்கோஸ் ஏத்திக்கினு இருக்காரு இல்ல, நர்ஸ் வேணுமாம்.”

“மாமா, நான் ஒங்ககிட்ட பேசல.”

“பேசாட்டிப் போ மச்சான். என் காதாவது நல்லா இருக்கும்.”

செம்பியனுக்குப் பல்லைக் கடிக்கிற அளவுக்குக் கோபம் வந்தது. ஒரு மாதமாக அது வராத நாளே இல்லை.

ஒரு மாதத்துக்கு முன்னால் ஹாலில் இருந்த கடல்தண்ணீர் மீன்தொட்டி வேறு மாதிரி இருந்தது. கடலூரில் மருந்துக் கிடங்கு வேலை, சிதம்பரத்துக்குத் திரும்பும் பஸ், மீதி நேரமெல்லாம் அந்தத் தொட்டி என்று இரண்டு வருடம் வளர்த்திருந்தான். விரல் விரலாக அசையும் பவளம், ஒரு ஜோடி கோமாளி மீன், சட்டியில் அரிசி களைவதுபோல மணலை அலசும் நத்தைகள். ராஜவேல் கடலோரக் கிள்ளை ஊருக்கு இறால் வாங்கப் போனவன், வலையில் சிக்கியது என்று எவனோ கொடுத்த கல் ஒன்றைப் பக்கெட்டில் கொண்டுவந்தான். கல்லின் மேல் மூடிய கை மாதிரி ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மச்சானுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, அவன் வேலையில் இருந்தபோது, கல்லையும் பக்கெட் தண்ணீரையும் அப்படியே தொட்டிக்குள் கொட்டிவிட்டான். மறுநாள் எல்லாம் செத்துப்போய், தண்ணீர் பால் மாதிரி கலங்கி, தெருமுனை வரைக்கும் நாறியது. அந்தக் கை மட்டும் விரிந்திருந்தது.

அன்றைக்குச் செம்பியன் போட்ட கத்தல் பக்கத்து வீட்டுக்காரர்களை வாசலுக்கு வரவழைத்தது. “கொட்டக் கூடாதுய்யா! தண்ணி மாறுறதே அதுக்குத் தெரியக் கூடாது! சொட்டு சொட்டா வுடணும், வெளிச்சம் படாம இருட்டுல வைக்கணும், கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும்! பழகுனப்புறம் கையால அலுங்காம எடுத்து உள்ள வைக்கணும்! நீ மனுசனா?” மாமாவை ‘நீ’ என்றது அன்றுதான் முதல் தடவை. ராஜவேல் கல்லைப் பக்கெட்டில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனான். வாய்க்காலில் எறிந்திருப்பான் என்று செம்பியன் நினைத்துக்கொண்டான்.

தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஏற்றி, இன்றைக்குத்தான் மறுபடியும் ஆரம்பிக்கிறான். சென்னையிலிருந்து காலையில் பெட்டி வந்துவிட்டது. பச்சை விளிம்பு போட்ட பொத்தான் பவளம் ஒரு கொத்து, முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் சிவப்பு இறால் இரண்டு. இருட்டுப் பெட்டியிலிருந்து வந்தவை என்பதால் தொட்டி விளக்கை அணைத்து, ஹால் ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டியிருந்தான். பக்கெட்டில் இறால்கள் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன. தொட்டியிலிருந்து இறங்கிய மெல்லிய டியூபில் அவன் போட்ட முடிச்சு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அவற்றின் மேல் விட்டது. வெளியே மழை. உள்ளே சொட்டு.

கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் பையில் இருந்தது. அதில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தான்.

பூஜ்யம்.

மீட்டரில் கோளாறு இல்லை.

சமையலறைக்குத் திரும்பினான். அக்கா சத்யப்பிரியா நைட்டி ஓரத்தில் கையைத் துடைத்துவிட்டு, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா போனபிறகு அவனைப் படிக்க வைத்தவள். தொட்டி வாங்கித் தந்தவளும் அவள்தான். இந்த வீட்டில் அவன் குரலை உயர்த்தாத ஒரே ஆள். அவள் விரல் நுனிகள், வெகுநேரம் துணி துவைத்தவை போல, வெளுத்துச் சுருங்கியிருந்தன.

“அக்கா, தண்ணி உப்பா இல்ல?”

“நல்லாத்தானடா இருக்கு. தாகம்தான் ஜாஸ்தியா எடுக்குது.” இன்னொரு சொம்பு மொண்டாள்.

அவனும் ஒரு வாய் குடித்தான். நன்றாகத்தான் இருந்தது. சில்லென்று, இனிப்பாக, தொண்டைக்கு இதமாக. பிறகு பாட்டில் தண்ணீரை ஒரு வாய் குடித்தான்.

துப்பினான். நாக்கு எரிந்தது. மருந்தைக் கடித்ததுபோல அடித்தொண்டை வரைக்கும் கசப்பு.

இத்தனை நாள் கண்ணில் பட்டும் படாமல் போனதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஜன்னல் கம்பிகளில் வெள்ளையாகப் பூத்திருந்த பொருக்கு. வெறுங்காலில் ஒட்டும் தரை. எத்தனை நாள் போட்டாலும் காயாத துணி. கிள்ளையில் தண்ணீர் வடிந்தபிறகு சேற்றிலிருந்து எழும் வாடை. அவன் அதைத் தன் தொட்டியின் வாடை என்றே நினைத்திருந்தான். சமையலறை விளக்கு எரியவில்லை என்பதையும் இப்போதுதான் கவனித்தான். ஜன்னலில் செய்தித்தாள். அவன் ஒட்டியது ஹாலில் மட்டும்.

“இங்க யாருக்கா பேப்பர் ஒட்டுனது?”

“கண்ணு கூசுதுன்னு நான்தான் ஒட்டச் சொன்னேன். ரூம்லகூட ஒட்டியாச்சி. நீ என்னாத்துக்கு மொறைக்கிற?”

சொட்டுச் சத்தம் கேட்டது. ஹாலில் விழுவது ஒன்று. இன்னொன்று, அதைவிடக் கனமாக, நிதானமாக. தலைக்கு மேலே.

அவன் ஹாலுக்குப் போய் மாமாவின் செல்போனைப் பிடுங்கினான். “அந்தக் கல்ல எங்க போட்ட?”

ராஜவேல் உதட்டை நக்கிக்கொண்டான். அவன் முகத்தில் கோபம் இல்லை. பரீட்சையில் பாஸான பையன் மாதிரி ஒரு சின்னப் பெருமை இருந்தது. “தூக்கிப் போட மனசு வரல மச்சான். நீ அவ்ளோ பேரு முன்னால கேட்ட பாரு, மனுசனான்னு. அதான் இந்தத் தடவ நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். கொட்டல. ஒன் பழைய டியூப எடுத்தேன், முடிச்சு போட்டேன். மாடித்தொட்டி மேல கல்லோட பக்கெட்ட வச்சி, பக்கெட்டுலேந்து தொட்டிக்கு சொட்டு சொட்டா வுட்டிருக்கேன்.”

“பக்கெட்டுலேந்து தொட்டிக்கா?”

“ஆமா. பழகட்டும்னு.”

“தலைகீழாய்யா! தொட்டித் தண்ணிதான் பக்கெட்டுக்கு வரணும்! உயிரு எதுல இருக்கோ அதுலதான் சொட்டு வுழணும்! நீ அது தண்ணிய எடுத்து…” 

அது தண்ணியை எடுத்து மாடித்தொட்டியில் விட்டிருக்கிறான். மாடித்தொட்டியிலிருந்து குழாய். குழாயிலிருந்து சொம்பு. உயிர் எதில் இருக்கிறதோ அதில் சொட்டு விழுகிறது.

“ஒரு பக்கெட்டு தண்ணி ஒரு நாளுல தீந்துடும்,” என்றான்.

“அதான் எனக்கும் தெரியல மச்சான். ஒரு மாசமா சொட்டுது. கொறயவே இல்ல.”

செம்பியன் சமையலறைக்கு ஓடினான். அக்காவின் கையைப் பிடித்தான். “வா. கடலூருக்குப் போயிரலாம். எதுவும் எடுக்காத. வா.”

“அடுப்புல கொழம்பு இருக்குடா, பைத்தியமா ஒனக்கு?”

இழுத்துக்கொண்டு போய் வாசல் கதவைத் திறந்தான். சாயங்கால மேகத்தின் மங்கல் வெளிச்சம்தான். அது ஊசி மாதிரி கண்ணில் இறங்கியது. அக்காவின் நீட்டிய கையில் மழை விழுந்தது.

அவள் அலறினாள். கொதிக்கிற எண்ணெய் பட்டவள் போல. சொட்டு விழுந்த இடமெல்லாம் சிவந்து தடித்தது. அவன் கதவை அறைந்து சாத்தினான். அவள் சுவரோரம் சரிந்து, கையை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

“என்னாடா பண்ற? ஏன்டா என்ன வெளிய தள்ளுற?”

கோபம் மறுபடியும் வந்தது. நல்லதாயிற்று. பயத்தைவிட அது மேல். இறால் பை பிரித்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு படி ஏறினான். திட்டிக்கொண்டே ஏறினான், மாமாவை, கல்லை, கிள்ளையில் அதைக் கொடுத்த எவனோ ஒருவனை. படிச் சுவர் ஈரமாக, வழவழப்பாக இருந்தது.

மாடிக் கதவு. மழை.

முதல் அடியிலேயே தோல் எரிந்தது. தோள், கழுத்து, உச்சந்தலை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. அதன் மேல் நீல பக்கெட். விளிம்பு வரை தண்ணீர். மழை விழுந்தும் வழியவில்லை.

உள்ளே கல் இல்லை.

தொட்டி மூடி கொஞ்சம் திறந்திருந்தது. டியூப் அதற்குள் இறங்கியிருந்தது. சொட்டு. சொட்டு. உள்ளே இருட்டு. அந்தச் சேற்று வாடை, வெதுவெதுப்பாக, மூச்சு மாதிரி வந்து வந்து போனது.

“போடா!” என்று எதையோ பார்த்துக் கத்தினான். டியூபை வெட்டினான்.

சொட்டு நின்றது.

மழைச் சத்தம் மட்டும். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பழகி முடிந்தால்தான் டியூபை எடுப்பார்கள். எடுத்த பிறகு ஒரு வேலைதான் பாக்கி. அதை அவனே ஊர் கேட்கக் கத்திச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

மூடி நகர்ந்தது.

வெளுப்பாக ஒன்று எழுந்தது. மெத்தென்று. அவசரமில்லாமல். விரல் விரலாக. தொட்டி வாயைவிடப் பெரிதாக விரிந்து, அவன் தலைக்கு மேலே போனது. அவனைத் தொடவில்லை. மாடிக் கதவை நோக்கிப் போனது.

கதவுக்குள்ளே, கடைசிப் படியில், அக்கா நின்றிருந்தாள். கண்ணை மூடி, இரண்டு கையையும் தூக்கி, இடுப்பில் ஏற்றிக்கொள்ளச் சொல்லும் குழந்தை மாதிரி.

“அக்கா! உள்ள போ! போக்கா!”

அந்த விரல்கள் அவளைச் சுற்றிக் குவிந்தன. இறாலை எடுக்கும்போது அவன் கை குவிவதுபோல. நசுக்காமல். ஒரு சொட்டு மழைகூட அவள் மேல் விழாமல் குடையாகக் கவிந்து, அலுங்காமல் தூக்கின. அவன் பாய்ந்து அவள் காலைப் பிடித்தான். வழுக்கியது. உப்பாக வழுக்கியது. அவள் முகத்தில் நோவு இல்லை. தொட்டியின் அந்தச் சின்னக் கறுப்பு வாய்க்குள், மடிந்து, குறுகி, சத்தமே இல்லாமல் அவள் இறங்கினாள்.

படியில் அடுத்து மாமா. கைகளைத் தூக்கியபடி. தன் முறைக்காக.

செம்பியன் கத்திக்கொண்டே இருந்தான். மழை அவனை எரித்துக்கொண்டே இருந்தது. பிறகு தலைக்கு மேல் ஏதோ மெல்லக் கவிந்தது. எரிச்சல் நின்றது.

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அவன் கைகள் இரண்டும், அவனைக் கேட்காமலே, மேலே போயின.